குஞ்சு நீந்தும் முன்பே இரை தயாராக இருக்க வேண்டும்: வண்ண மீன் வளர்ப்போருக்கு முழுமையான தீனி வழிகாட்டி

ஃபைட்டர் மீனை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. ஆணும் பெண்ணும் நல்ல உடம்போடு இருந்து, தண்ணீரும் ஓரளவு சுத்தமாக இருந்தால் ஆண் நீர்ப்பரப்பில் கட்டும் நுரைக்கூடு தானாக வரும், நூற்றுக்கணக்கில் குஞ்சும் பொரியும். சிக்கல் அப்புறம்தான். நான்கைந்து நாளில் பாதி காணாமல் போகும். இரண்டாவது வாரத்தில் மிச்சத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். நோய் வந்துவிட்டது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் தேடுவோம். பெரும்பாலும் அவை பட்டினியில் செத்திருக்கும். தொட்டியில் தீனி கிடந்திருக்கும், ஆனால் அந்த வாய்க்குள் நுழையும் அளவில் இருந்திருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியை மீனின் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு ஃபைட்டரை எடுத்துக்கொள்கிறேன். வண்ண மீன் சந்தைக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரில் ஆரம்பித்து வீட்டு மொட்டை மாடிவரை நம்மூரில் அதிகம் பேர் முயன்று பார்ப்பது அதைத்தான். ஃபைட்டர் குஞ்சுக்கு இரை தயாரிக்கத் தெரிந்தால் கௌராமி, டெட்ரா, ஏஞ்சல் எதற்கும் அதே முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஜோடி சேர்க்கும் நாளை முதலில் குறித்துவிட்டுத் தீனியைப் பற்றி யோசிப்பது தலைகீழ் வேலை. குஞ்சு நீந்தத் தொடங்கும் நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள். 27, 28 டிகிரி தண்ணீரில் ஃபைட்டர் முட்டை ஒன்றிலிருந்து இரண்டு நாளில் பொரியும். பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று நாள் வால் கீழே தொங்க, கூட்டில் ஒட்டியபடியே இருக்கும். அந்த நாட்களில் வயிற்றிலுள்ள மஞ்சள்கருப் பையே அதற்குச் சாப்பாடு, வெளியிலிருந்து எதுவும் போடத் தேவையில்லை. உடம்பைக் கிடையாக வைத்து நீந்த ஆரம்பித்ததும் பசி ஆரம்பம். அன்றைக்கே இரை கிடைக்க வேண்டும்.

அந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். வினிகர் புழு (வினிகரில் வளரும் நுண்புழு) பெருக ஒரு மாதமாவது ஆகும், எனவே அதுதான் முதலில். மொய்னா (நீர்த்தெள்ளு எனும் நன்னீர்ப் பொடி உயிரி) வாளிக்கு இரண்டு மூன்று வாரம். கூழில் வளரும் நுண்புழுவான மைக்ரோவார்முக்குப் பத்து நாள். பெற்றோர் மீன்களைத் தேற்ற இரண்டு வாரம். இன்ஃபுசோரியா (நீரில் வாழும் நுண்ணுயிர்க் கலவை) பாட்டிலை ஜோடி சேர்க்கும் அன்று தொடங்கலாம், இரண்டு நாள் கழித்து இன்னொரு பாட்டில். உப்புநீரில் வாழும் இறால் போன்ற பொடி உயிரியான ஆர்டீமியாவின் முட்டையை, கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் போட்டால் போதும். இத்தனையும் எல்லோருக்கும் வேண்டியதில்லை. முதல் முறை செய்பவருக்கு இன்ஃபுசோரியா, வினிகர் புழு, ஆர்டீமியா மூன்றும் போதும். மைக்ரோவார்மை மாற்றாக வைத்துக்கொள்ளலாம்.

படி 2: பெற்றோர் மீன்களைத் தேற்றுவது

முட்டைக்குள் இருக்கும் மஞ்சள்கரு முழுவதும் தாய் தின்றதிலிருந்து வருவது. மெலிந்த பெண் மீனும் முட்டை போடும், ஆனால் எண்ணிக்கை குறையும், பல முட்டை வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு முன்பே ஆண் பெண்ணைத் தனித்தனியாகப் பிரித்து, நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வேளை நல்ல தரமான குருணைத் தீனி, மற்ற வேளைகளில் உயிருள்ள இரை அல்லது உறைய வைத்த இரை.

குருணைத் தீனியில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், எப்போது திறந்தது என்பது. கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து, கண்ணாடிக் கவரில் போட்டு வெயிலில் தொங்கவிட்ட தீனியை இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் மீனுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு கெட்டு, வைட்டமின் சி வீணாகியிருக்கும். மோந்து பார்த்தால் பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடிக்கும். சின்ன டப்பாவாக வாங்குங்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

உயிருள்ள இரையில் நம்மூரில் சுலபமாகக் கிடைப்பது ட்யூபிஃபெக்ஸ் புழு. மீன் அதை வெறியோடு தின்னும், பெண்ணின் வயிறும் சீக்கிரம் நிறையும். ஆனால் அது கழிவுநீர் ஓடும் வாய்க்கால் சேற்றில் வளர்வது. அந்தச் சேற்றில் உள்ளதெல்லாம் புழுவின் குடலிலும் இருக்கும். வாங்கும்போது பாருங்கள்: நல்ல புழு அடர் சிவப்பாக, இறுகிய உருண்டையாக இருக்கும், விரலால் தொட்டதும் மொத்தமாகச் சுருங்கும். சாம்பல் நிறமாகி, இழை இழையாகப் பிரிந்து, தண்ணீர் பால் போலக் கலங்கியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தட்டையான தட்டில் போட்டு, குழாயை மெல்லிய சொட்டாகத் திறந்துவிட்டு இரண்டு நாளாவது கழுவுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் நாளுக்கு நான்கு முறை தண்ணீர் மாற்றலாம். மேலே மிதக்கும் செத்த புழுவை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட வேண்டும். இவ்வளவு பொறுமை இல்லை என்றால் இந்தப் புழுவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் உறைந்த பிளட்வார்ம் (சிவப்புநிற நீர்ப்புழு), உறைந்த ஆர்டீமியா, வீட்டில் வளர்த்த மொய்னா மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே நல்லது. உறைந்த கட்டியை அப்படியே தொட்டியில் போடாமல், ஒரு சின்னக் கிண்ணத்தில் உருகவிட்டு, வலையில் வடித்து, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். தண்ணீரைக் கெடுப்பது பாதி அந்தச் சாறுதான். நீண்ட மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பிளட்வார்ம் சிலருக்கு ஒவ்வாமை தரும். தொட்டபின் கண்ணைத் தேய்த்தால் வீங்கிவிடும், குறிப்பாகக் காயவைத்த பிளட்வார்மின் தூசி.

கொசுப்புழுவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஃபைட்டருக்கு அதைவிடப் பிடித்த இரை இல்லை என்பது உண்மை. ஆனால் வாளியில் தண்ணீர் வைத்து அதை வளர்ப்பது டெங்குவை வளர்ப்பது. வெயில் நாளில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், இரண்டு நாள் மறந்தாலே தெருவுக்கே தொல்லை. இத்தனை மாற்று இருக்கும்போது தேவையில்லாத வேலை அது.

ஆண் மீன் கூடு காக்கும் நாட்களில் அதற்குத் தீனி போட வேண்டாம். பெரும்பாலும் தின்னாது, போட்டது அடியில் அழுகும். முட்டையிட்டு முடித்த பெண்ணை உடனே எடுத்து, அதற்கு மட்டும் நல்ல சாப்பாடு கொடுங்கள்.

படி 3: இன்ஃபுசோரியா, முதல் சில நாட்களுக்கு

பாரமீசியம் போன்ற நுண்ணுயிர்களின் கலவைதான் இது. ஆர்டீமியாக் குஞ்சு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது ஃபைட்டர் குஞ்சுக்கு முதல் நாளில் பெரிய கவளம். இன்ஃபுசோரியா அதில் பாதிகூட இருக்காது.

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பழைய மீன்தொட்டித் தண்ணீரை முக்கால்வாசி ஊற்றுங்கள். புதுக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், தொட்டித் தண்ணீரில்தான் நமக்கு வேண்டிய உயிர்கள் ஏற்கெனவே இருக்கும். உள்ளங்கை அளவு முட்டைக்கோஸ் இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து அதில் போடுங்கள். சின்னத் துண்டு காய்ந்த வாழைப்பழத் தோலும் ஆகும். தொட்டியிலிருந்து ஒரு கொத்து ஜாவா பாசியைப் பிழிந்து அந்தச் சாற்றையும் விடுங்கள். வாயைத் துணியால் கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் நாள் தண்ணீர் கலங்கி நாறும். இங்கேதான் பலர் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். அது பாக்டீரியா பெருகும் கட்டம். அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகப் பெருக நான்காம் ஐந்தாம் நாளில் தண்ணீர் தெளிந்து இளமஞ்சளாகும், நாற்றமும் குறையும். இருட்டில் ஜாடிக்குப் பின்னால் டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் திரிவது தெரியும். அதுதான் பறிக்கும் நேரம். கலங்கல் போகாமல் அழுகிய முட்டை வாடை அடித்தால் இலை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஜாடியைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள், இரண்டு ஜாடி வைக்கச் சொன்னது அதற்குத்தான்.

ஊசி போடும் சிரிஞ்சால் தெளிந்த பகுதியிலிருந்து உறிஞ்சி, 20 லிட்டர் குஞ்சுத் தொட்டிக்கு 20, 30 மில்லி வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுக்கலாம். எடுத்த அளவுக்குப் பழைய தொட்டித் தண்ணீரை ஜாடியில் ஊற்றி வையுங்கள்.

வேகவைத்த முட்டை மஞ்சள்கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து கொடுக்கும் பழைய முறையும் உண்டு. பெரிய சிமெண்ட் தொட்டியில் கெண்டைக் குஞ்சுக்கு அது சரி. சின்னக் கண்ணாடித் தொட்டியில் ஒரு சொட்டு கூடினாலும் மறுநாள் காலை தண்ணீர் வெளுத்துக் குஞ்சு மிதக்கும்.

படி 4: வினிகர் புழுவும் மைக்ரோவார்மும்

இரண்டும் நூல் போன்ற நுண்புழுக்கள், ஆனால் குணம் வேறு. வினிகர் புழு நன்னீரில் பல மணி நேரம் உயிரோடு இருந்து மேற்பரப்பிலும் நடுவிலும் நெளியும். ஃபைட்டர், கௌராமிக் குஞ்சுகள் இரை தேடும் இடமும் அதுதான். மைக்ரோவார்ம் அடியில் போய் உட்காரும், கோரிடோரஸ் போன்ற அடிமட்ட மீன்களுக்கு அதுவே வசதி.

வினிகர் புழுவுக்கு ஆப்பிள் சிடர் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, இரண்டு துண்டு ஆப்பிள், தெரிந்தவரிடம் வாங்கிய ஸ்டார்ட்டர் (புழுவுள்ள பழைய கலவை) கொஞ்சம். வாயைத் துணியால் மூடி அலமாரி மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம், மாதக்கணக்கில் சாகாது. புழுவை வினிகரிலிருந்து பிரிப்பதில்தான் வித்தை இருக்கிறது. நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கழுத்தின் அடிவரை இந்தப் புழுக் கலவையை ஊற்றுங்கள். கொஞ்சம் ஃபில்டர் பஞ்சைக் கழுத்துக்குள் தள்ளி, அது வினிகரைத் தொடும்படி நிறுத்துங்கள். பஞ்சுக்கு மேலே சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். புழுக்கள் காற்றைத் தேடிப் பஞ்சின் ஊடே ஏறி, மறுநாள் காலையில் மேல் தண்ணீரில் புகைபோல நெளியும். அதைச் சிரிஞ்சால் எடுத்து நேராகத் தொட்டியில் விடலாம், வினிகர் துளியும் கலக்காது.

மைக்ரோவார்முக்குப் பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்ஸைக் கெட்டிக் கூழாக ஒரு செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, ஆறியபின் சிட்டிகை ஈஸ்ட் தூவி, ஸ்டார்ட்டரைத் தடவுங்கள். மூடியில் ஊசித் துளைகள் போதும். நான்கைந்து நாளில் புழுக்கள் டப்பாச் சுவரில் ஏறும், தூரிகையால் வழித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கூழ் நீர்த்துப் புளித்துவிடும், அதற்குள் புது டப்பா போட வேண்டும். நம் ஊர்க் கோடையில் இன்னும் சீக்கிரமே. டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஒரே இரவில் காலி செய்துவிடும்.

படி 5: ஆர்டீமியா

குஞ்சு வளர்ப்பில் ஒரே ஒரு இரைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காய்ந்த முட்டையாக டப்பாவில் கிடைப்பது, வேண்டியபோது பொரித்துக்கொள்ளலாம். கடைகளில் வரும் டப்பாக்களில் பல அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து வருபவை. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு.

1. ஒரு லிட்டர் பெட் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியை இறுக்கித் தலைகீழாகக் கட்டுங்கள். கூம்பு கீழே வருவதால் முட்டை மூலையில் தேங்காது.
2. முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் என்ற கணக்கில் கல் உப்பு போடுங்கள். போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மையோடுதான் இருக்கும், வேறொன்றும் வேண்டாம். ஆர்ஓ தண்ணீர் என்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்க்கலாம், பிஎச் 8ஐ ஒட்டி இருக்க வேண்டும்.
3. ஏர் பம்ப் குழாயை அடிவரை விடுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம், பொடிக் குமிழி முட்டையைச் சுவரில் ஏற்றிவிடும். பெரிய குமிழிகளாகக் கொதிப்பது போல் ஓட வேண்டும்.
4. அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாக முட்டை போடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். 28 டிகிரியை ஒட்டி இருந்தால் 18 முதல் 24 மணி நேரத்தில் பொரியும்.
5. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் படியும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி வரும். கீழ்ப்பகுதியில் டார்ச்சை வைத்தால் அங்கே மேகம் போலக் கூடும். மெல்லிய குழாயால் அந்த மேகத்தை மட்டும் உறிஞ்சிப் பழைய பருத்திக் கைக்குட்டையில் வடியுங்கள்.
6. நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத் தொட்டியில் விடுங்கள்.

ஓட்டைப் பிரிப்பதில் அலட்சியம் வேண்டாம். குஞ்சு அதை விழுங்கினால் செரிக்காது, குடல் அடைத்துச் சாகும். அடுத்தது நேரம். புதிதாகப் பொரிந்த ஆர்டீமியா தன் மஞ்சள்கருவோடு இருக்கும், அந்தச் சத்துதான் நமக்கு வேண்டும். மணிக்கணக்கில் அப்படியே விட்டால் அதைத் தானே செலவழித்துவிட்டு, பெரிதாகி, சத்தில்லாமல் போகும். மிச்சத்தை உப்புத் தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் தட்டையான கிண்ணத்தில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். நன்னீர்த் தொட்டியில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் தின்று முடிக்கும் அளவே போடுங்கள்.

முட்டை டப்பாவைத் திறந்தபின் ஈரம் படாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீன் முட்டையிடும் முன்பே ஒரு சிட்டிகை போட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. பழைய சரக்கு பாதிகூடப் பொரியாது. மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். அவ்வளவு நெருக்கமான கூட்டம் காற்றில்லாமல் வெகு நேரம் தாங்காது.

ஃபைட்டர் குஞ்சு நீந்தத் தொடங்கி மூன்று நான்கு நாளில் இதை ஏற்கும். முதல் இரண்டு நாள் இன்ஃபுசோரியாவோடு சேர்த்தே கொடுங்கள், எல்லாக் குஞ்சும் ஒரே அளவில் இருக்காது. கொடுத்து அரை மணி கழித்து வயிற்றைப் பாருங்கள். வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருந்தால் தின்றுவிட்டது.

படி 6: மொய்னா

மூன்றாவது நான்காவது வாரத்தில் ஆர்டீமியாவோடு இதையும் சேர்க்கலாம். நன்னீரிலேயே வளர்வதால், தின்னாமல் மிஞ்சினாலும் தொட்டியில் உயிரோடு இருக்கும், தண்ணீர் கெடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பெற்றோர் மீன்களுக்கும் எனக்கு இதுதான் முதல் தேர்வு.

20 லிட்டர் வாளி இரண்டு வையுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீரென்றால் இரண்டு நாள் திறந்து வைத்துக் குளோரின் போகவிட வேண்டும். நுண்பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்ல தீனி இல்லை. இல்லையென்றால் 10 லிட்டருக்கு ஒரு சிட்டிகை ஈஸ்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பண்ணைகளில் கடலைப் புண்ணாக்கையும் சாணத்தையும் ஊறவைத்துப் போடுவார்கள், வீட்டில் அந்த நாற்றத்தைத் தாங்க முடியாது. முன்பு போட்டது தீர்ந்து தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை. நன்றாகப் பெருகியதும் தினம் கால் பங்கு வரை பறிக்கலாம். பறிக்காமல் விட்டால் நெரிசலில் திடீரென்று மொத்தமும் செத்து விழுந்துவிடும்.

மொய்னா சிவந்திருந்தால் சத்து அதிகம் என்று கடையில் சொல்வதுண்டு. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அது ரத்த நிறமியைக் கூட்டிக்கொள்ளும், சிவப்புக்குக் காரணம் அதுதான். உங்கள் வாளியில் அப்படி நிறம் மாறினால் காற்று கொடுங்கள், தீனியைக் குறையுங்கள். வாளியை எப்போதும் கொசுவலையால் மூடி வையுங்கள். கொசு மட்டுமல்ல, தட்டான் முட்டையிட்டால் அதன் இளம்புழு மொய்னாவோடு சேர்ந்து குஞ்சுத் தொட்டிக்குள் போய் மீன் குஞ்சையே பிடித்துத் தின்னும்.

படி 7: அளவும் வேளையும்

குஞ்சின் வயிறு சின்னது, சீக்கிரம் காலியாகிவிடும். நாளுக்கு நான்கு வேளை கொஞ்சமாகக் கொடுப்பது, இரண்டு வேளை நிறையக் கொடுப்பதைவிட மேல். வேலைக்குப் போகிறவர்கள் காலையும் மாலையும் ஆர்டீமியா கொடுத்துவிட்டு, பகல் நேரத்துக்கு வினிகர் புழுவை விட்டுச் செல்லலாம். தினமும் மெல்லிய ஏர் குழாயால் அடியிலுள்ள கழிவை உறிஞ்சி, பத்து சதவீதம் தண்ணீரை அதே வெப்பத்தில் மாற்ற வேண்டும். இரை கூடக் கூட இதுவும் கூட வேண்டும்.

மற்ற மீன்கள்

கப்பி, பிளாட்டி, ஸ்வார்ட்டெய்ல் குட்டிகள் பிறந்த அன்றே ஆர்டீமியாவும் பொடித் தீனியும் தின்னும், இன்ஃபுசோரியா வேண்டியதில்லை. மாலிக்குப் பாசியும் காய்கறியும் அவசியம், ஸ்பைருலினா கலந்த தீனியாகப் பார்த்து வாங்குங்கள். ஏஞ்சல் குஞ்சு நீந்தத் தொடங்கியதுமே ஆர்டீமியாவை எடுக்கும், அதனால் முட்டையிடும் மீன்களில் தொடங்க ஏஞ்சல் வசதியானது. நியான் டெட்ராவும் ட்வார்ஃப் கௌராமியும் அதற்கு நேர்மாறு. குஞ்சு மிகச் சின்னது, இன்ஃபுசோரியா ஒரு வாரத்துக்கு மேலும் ஓட வேண்டும். டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் நாட்களில் பெற்றோரின் தோலில் சுரக்கும் சளியைத் தின்று வளர்பவை. அங்கே நம் வேலை பெற்றோரை நன்றாகத் தேற்றுவதும், சில நாள் கழித்து ஆர்டீமியாவை அறிமுகப்படுத்துவதும்தான். சக்கர் வகையில் பிரிஸில்நோஸ் குஞ்சுக்கு வெள்ளரி, சுரைக்காய், பூசணித் துண்டை லேசாக வேகவைத்துப் போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

படி 8: பொடித் தீனிக்கு மாற்றுவது

ஐந்தாறு வாரம் ஆனதும் ஃபைட்டர் குஞ்சை மெல்ல மாற்றலாம். காலையில் நல்ல பசியோடு இருக்கும்போது முதலில் பொடியைத் தூவுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து ஆர்டீமியா. ஆர்டீமியாவை முதலில் போட்டால் பொடியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே வாரத்தில் உயிருள்ள இரையை மொத்தமாக நிறுத்த வேண்டாம். நாளுக்கு ஒரு வேளையாவது தொடர்ந்தால் வளர்ச்சி சீராக இருக்கும். பெரிய குஞ்சு பெரிய பங்கைத் தின்று மேலும் பெரிதாகும், சின்னது பின்தங்கும். அளவு வாரியாகப் பிரித்து, சின்னவற்றுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆர்டீமியா கொடுங்கள்.

கடைக்கோ நண்பருக்கோ கவரில் கட்டி அனுப்புவதாக இருந்தால், கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே எல்லா இரையையும் நிறுத்திவிட வேண்டும். நிறைந்த வயிற்றோடு கட்டிய மீன் கவருக்குள்ளேயே கழிக்கும், அந்தக் கொஞ்சத் தண்ணீரில் அம்மோனியா ஏறிவிடும்.